வீட்டின் மேல் விழுந்த பழி

காங்கேசன்துறையில் கப்பலை விட்டு இறங்கியபோது என் வயிற்றில் ஒன்றுமே மிச்சமில்லை. காலையில் நாகப்பட்டினத்தில் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட இட்லி முழுவதையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், கப்பல் தூக்கித் தூக்கிப் போட்டபோதெல்லாம் நிதானமாக முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். "கிட்டப் பாக்காதை பிள்ளை, தூரத்தைப் பார்" என்று எனக்கு ஆலோசனை வேறு. தூரத்திலும் கடல்தான் இருந்தது.

குடிவரவு மேசையில் இருந்த பெண், "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒரு குடும்பத்தைப் பார்க்கணும்."

"சொந்தக்காரரோ?"

இல்லை என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவரின் இரத்தம் சென்னையில் என் ஆய்வகக் குளிர்பெட்டியில் போன வருடத்திலிருந்து இருக்கிறது, எங்களுக்குள் அவ்வளவுதான் உறவு என்று அவரிடம் சொல்ல முடியுமா? சிரித்து வைத்தேன். முத்திரை விழுந்தது.

என் வேலையைப் பற்றி இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். பிறகு சாப்பாட்டைப் பற்றி நிம்மதியாக எழுதலாம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. தினமும் அடிபடுகிறது. வெயில், புகை, வயது, செல் பிரியும்போது நகலெடுப்பதில் வரும் பிழை. அந்தச் சேதத்தைச் சரிசெய்யவும், சரிசெய்ய முடியாத செல்லைச் சாகவைக்கவும் சில மரபணுக்கள் இருக்கின்றன. அவை போனால் புற்றுநோய்க்கு வழி திறக்கும். எனக்குப் பிடித்த கேள்வி அதற்கு அடுத்தது. அந்த மரபணுக்களை யார் வேலை வாங்குகிறார்கள்? எப்போது, எவ்வளவு என்று யார் சொல்வது?

ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் கொஞ்சம் எழுத்துகள் உண்டு. அவை எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை. செல் அந்த இடத்திலிருந்துதான் மரபணுவைப் படிக்கத் தொடங்கும். அங்கே மெதில் என்னும் சின்னஞ்சிறு வேதிக்குறிகள் அப்பிக்கொண்டால் படிப்பு நின்றுவிடும். மரபணுவில் ஓர் எழுத்துக்கூடக் கெட்டிருக்காது, ஆனால் இருந்தும் பிரயோசனமில்லை. புற்றுக்கட்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. என் இளமை முழுவதையும் அந்த முன்பகுதியில்தான் செலவழித்தேன். என் அம்மாவுக்கு இன்றுவரை நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரியாது.

சென்னை விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மதுரா இப்போது யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் மருத்துவர். அவளிடம் வந்த நோயாளி வசந்தி. பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்கள் கிராமம் சுன்னாகத்துக்கு அப்பால் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வசந்தி கணக்கு ஆசிரியை. அவருடைய அம்மாவும் அம்மம்மாவும் மார்பகப் புற்றால் இறந்தவர்கள். நாற்பதைத் தாண்டியதும் வசந்திக்கும் வந்தது. மதுரா இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மரபணுவில் பிழை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வசந்தியின் சம்மதத்தோடு எனக்கு அனுப்பினாள்.

வழக்கமான பரிசோதனை மரபணுவை மட்டும் படிக்கும். நாங்கள் அதற்கு முன்பகுதியையும் படித்தோம். அங்கே ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. எல்லா மரபணுவும் நம்மிடம் இரண்டு நகல்: அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. எழுத்து மாறிய நகலின் மேல் குறிகள் அப்பி, அது பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. மற்ற நகலை மட்டும் வைத்துக்கொண்டு வசந்தியின் உடம்பு இத்தனை வருடம் சமாளித்திருக்கிறது. மார்பில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் போய்விட்டது.

"உதை வீடியோவிலை சொல்லாதை. நீயே வந்து சொல்லு" என்றாள் மதுரா. "துறைமுகத்துக்கு வான் அனுப்புறன். வான் ஓட்டுறவர் வசந்தியின்ரை அண்ணை, பேர் நேசன். அவரிட்டை வாய் திறந்திடாதை. முடிவு வசந்தியின்ரை. அவ சொல்லச் சொன்னால்தான் மற்றவைக்கு."

நேசன் அண்ணை துறைமுக வாசலில் நின்றார். அறுபதை நெருங்கும் உருவம், நெற்றியில் மூன்று விரல் திருநீறு, காதில் ஒரு பூ. என் முகத்தைப் பார்த்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டு, "முதல் ஒரு பிளேன்ரீ குடியுங்கோ பிள்ளை. பேந்து கதைப்பம்" என்றார். எங்கள் ஊரில் டாக்டர் என்றால் ஒரு பயம் கலந்த மரியாதை உண்டு. இங்கே ஐந்து நிமிடத்தில் பிள்ளையாகிவிட்டேன். இஞ்சி போட்ட அந்தப் பால் இல்லாத தேநீர் என்னை மறுபடி மனுஷியாக்கியது.

மூடிக்கிடக்கும் சிமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டியதும் அவர் பேசத் தொடங்கினார். நிறுத்தவில்லை.

"டொக்டர் மதுரா சொன்னவ, நீங்கள் வசந்தியின்ரை வருத்தத்தைப் பற்றி ஆராயுறனீங்களாம். ஆராய ஒண்டுமில்லைப் பிள்ளை. அது வீடு."

"வீடா?"

"ஓம். எங்கடை அம்மாவின்ரை வீடு. சீதன வீடு. அம்மம்மாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வந்தது, அம்மாவுக்குப் பிறகு வசந்திக்கு. மூண்டு பேரும் அங்கை இருந்தவை, மூண்டு பேருக்கும் வந்தது. முதல் நாங்கள் பரம்பரை வருத்தம் எண்டுதான் பயந்தனாங்கள். ரத்தம் சோதிச்சினம், ஒண்டுமில்லை எண்டு வந்திட்டுது. அப்ப என்ன மிச்சம்? வீடுதான்."

அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அங்கே தாயின் வீடு மகளுக்குப் போகும். மகன் கல்யாணமாகி மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள்தான் பிறந்த இடத்திலேயே இருந்தார்கள், பெண்கள்தான் நோயில் விழுந்தார்கள். எங்கள் ஊரில் மருமகள்தான் வீடு மாறி வருவாள். ஒரே வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் வந்தால் ஒழிய வீட்டைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. இங்கே கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. போதாக்குறைக்கு, இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அவர்களை அந்த வீட்டின் பக்கம் தள்ளிவிட்டது எங்கள் அறிவியல்.

வசந்திக்குச் சிகிச்சை முடிந்ததும் வீட்டைப் பூட்டினார்கள். கிணற்று நீரைச் சோதித்தார்கள்; சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் குடிக்கவில்லை. வசந்தி மகள் அபிராமியோடு கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார். கணவர் கத்தாரில்.

"நீங்க அந்த வீட்டுல இல்லையா அண்ணே?"

"கலியாணம் கட்டினாப்பிறகு மனிசி வீட்டை வந்திட்டன். எனக்கு அந்த வீட்டிலை ஒரு செங்கல்லும் இல்லை. அதாலை தப்பினன்" என்று சிரித்தார். பிறகு, "எனக்கு ரண்டும் பொம்பிளைப் பிள்ளையள். அந்தப் படலைக்குள்ளை நான் அதுகளை விடுறதில்லை" என்றார்.

 இந்த மாற்றம் ஆண் பெண் பார்க்காது. அம்மாவிடமிருந்து வசந்திக்கு வர எவ்வளவு வாய்ப்போ அவ்வளவே இவருக்கும். ஆண்களுக்கு இதனால் நோய் வருவது அரிது. ஆனால் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுக்கலாம். படலை என்கிற அந்த வெளிக்கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிற மனிதரின் பின் இருக்கையில், வாயைப் பூட்டிக்கொண்டு நான்.

மறுநாள் காலை மதுரா வீட்டில் இடியப்பமும் சொதியும். எங்கள் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இவர்கள் அதற்குக் கட்டைச் சம்பல் என்று ஒரு நெருப்பு வைத்திருக்கிறார்கள். திருச்சிக்காரி காரத்துக்குப் பயப்படமாட்டாள் என்று வாய் விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். "உறைப்புக் காணாதோ?" என்று மதுரா இன்னும் கொஞ்சம் போட்டாள். பழைய அறைத்தோழிகள் இப்படித்தான்.

பத்து மணிக்கு மேல் கொக்குவில். உயரமான மதில், உள்ளே ஒரு மாமரம், நாலு நாற்காலி. மதுராவும் கூட வந்திருந்தாள். நேசன் அண்ணை எங்களை இறக்கிவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். ரயில் ஒன்று கடந்தபோது மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுத்தன.

வசந்தி மெலிந்தவர். மறுபடி வளர்ந்த முடி குட்டையாக, சுருட்டையாக இருந்தது. நான் சொல்வதை வகுப்பில் நல்ல மாணவியைப் போலக் கேட்டார். மரபணு சரியாக இருக்கிறது, அதைப் படிக்க வைக்கும் பகுதியில் மாற்றம் இருக்கிறது, அது அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று நான் முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப வீடு?"

"வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க."

இதைக் கேட்டு அவர் நிம்மதியடைவார் என்று நான் எதிர்பார்த்தது எவ்வளவு முட்டாள்தனம்! அவர் முகம் வெளுத்துப்போனது.

"நான் பிறந்த வீட்டைப் பூட்டிப்போட்டு இஞ்சை வந்து இருக்கிறது என்னத்துக்கு? இவளுக்காக. வீட்டிலையிருந்து இவளைப் பிரிச்சுப்போட்டன், இனி வராது எண்டு நித்திரை கொண்டனான். நீங்கள் வந்து, அது என்னோடையே வந்திட்டுது எண்டு சொல்லுறியள்."

 ஆய்வகத் தட்டில் வளர்க்கிற செல்கள் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

அபிராமி அம்மாவின் தோளில் கை வைத்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், கண்ணாடி, கூர்மையான மூக்கு. "எனக்கு இருக்கிறதுக்கு எவ்வளவு சாத்தியம்?" என்று நேராகக் கேட்டாள். பாதிக்குப் பாதி என்றேன். "இருந்தால்?" மதுரா பதில் சொன்னாள். இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. வருடாவருடம் மார்பைப் படம் எடுத்துப் பார்க்கலாம். வேண்டுமென்றால் பிறகு அறுவைச் சிகிச்சையை யோசிக்கலாம். இந்த மரபணு வேலை செய்யாத கட்டிகளைக் குறிவைத்தே இப்போது மருந்து வந்திருக்கிறது. "அப்ப எனக்குத் தெரியவேணும்" என்றாள் அபிராமி.

நான் தயங்கித் தயங்கி அண்ணன் பேச்சை எடுத்தேன். வசந்தி கையை உயர்த்தித் தடுத்தார்.

"அண்ணைக்குச் சொல்லவேண்டாம். சின்னவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கினம். உது வெளியிலை போச்செண்டால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. எனக்குக் கொழும்பிலை மருந்தேத்தின நேரம் ஒவ்வொரு முறையும் வான் ஓடினவர் அவர். அவருக்கு நான் குடுக்கிறது இதுதானோ?"

முடிவு அவருடையது. நான் தலையாட்டினேன்.

திரும்பும் வழியில் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்க வேண்டும் என்று மதுரா சொல்ல, வான் அங்கேயே படுத்துவிட்டது. மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். அதன் நெடியில் நாங்கள் மூவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம். நேசன் அண்ணை முன்மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. ஆனா ஸ்ராட் வருதில்லை" என்றார். இதை வைத்து மேடையில் ஓர் அருமையான உவமை சொல்லலாமே என்று என் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். நாலைந்து பேர் தள்ளினார்கள், வண்டி கிளம்பியது. தள்ளியவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "இந்தியாவோ? அங்கை இப்ப வெங்காயம் என்ன விலை?" என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என் மேல் இருந்த மதிப்பு போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன உரை. பி-53 என்ற காவல் மரபணுவைப் பற்றிப் பேசினேன். அதன் புரதத்தைச் செல் ஓயாமல் செய்கிறது, செய்த கையோடு அழிக்கிறது. சேதம் நேர்ந்தால் மட்டும் அழிப்பதை நிறுத்துகிறது. உடனே புரதம் பெருகிவிடும். புதிதாகச் செய்ய ஆரம்பித்தால் தாமதமாகும், எப்போதும் நிறைய வைத்திருந்தால் நல்ல செல்லும் செத்துப்போகும். அதனால் இந்த ஏற்பாடு. இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். அன்றைக்குச் சொல்லும்போது முன்வரிசை முகங்களுக்குப் பதிலாக வசந்தியின் முகம் தெரிந்தது. எதை, எப்போது, எவ்வளவு சொல்வது என்று செல்லுக்குத் தெரிந்த அளவுகூட எங்களுக்குத் தெரிவதில்லையே என்று நினைத்தேன்.

பின்னேரம் நேசன் அண்ணை என்னைக் குருநகர்க் கரைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு அங்கே சூசை என்று ஒரு சிநேகிதர், படகுக்காரர். நண்டு வாங்கினார்கள். விலை பேசுவதைவிட ஒருவரையொருவர் கிண்டலடிப்பதில்தான் நேரம் போனது. "சைவக்காரன் வந்திட்டான், பெரிசாப் பாத்துக் குடு" என்று சூசை தன் மகனைக் கூப்பிட்டார். என்னிடம், "உவன் வெள்ளிக்கிழமையிலை மட்டும்தான் சைவம்" என்று போட்டுக்கொடுத்தார்.

நண்டுப் பையோடு திரும்பும்போது நேசன் அண்ணைக்கு யாரோ நினைவுக்கு வந்தார்கள். "கலா மச்சாளுக்கு நண்டெண்டால் உயிர். திருகோணமலையிலையிருந்து கேட்டு விடுவா. பாவம், செத்துப்போனா."

"யார் அண்ணே கலா?"

"அம்மாவின்ரை தம்பியின்ரை மகள். மாமா திருகோணமலையிலை கலியாணம் கட்டி அங்கையே இருந்திட்டார். இவவுக்கு முப்பத்தெட்டு வயசுதான். சூலகத்திலை கட்டி. அது வேறை வருத்தம். அவ எங்கடை வீட்டுப் படி மிதிச்சதேயில்லை."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சூலகம் என்றால் எங்கள் ஊரில் சினைப்பை. அதில் வருவதும் இதே மரபணு மூடிப்போவதால் வரக்கூடியதுதான். தம்பி மூலமாக அவர் மகளுக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டில் கால் வைக்காததாலேயே கலாவை இவர்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஓர் ஆண் வழியாக இது இறங்கும் என்பதற்குச் சாட்சியைத் தானே சொல்லிவிட்டு, அதை உணராமல் நேசன் அண்ணை ஹாரன் அடித்துக்கொண்டு மாட்டை விலக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே மதுராவோடு மறுபடி கொக்குவிலுக்குப் போனேன், ஆட்டோவில். நான் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. "கலாவுக்கு என்ன நோய் வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் வசந்தியிடம் கேட்டேன்.

கணக்கு ஆசிரியை. மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசை விரிப்பில் விரலால் அம்மம்மாவுக்கு ஒரு கோடு இழுத்தார், அதிலிருந்து அம்மாவுக்கும் மாமாவுக்கும் இரண்டு கோடு. விரல் நடுவில் நின்றுவிட்டது.

"அப்ப மாமா குடுத்தது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாமாவுக்கே தெரியாமல்."

அபிராமி சமையலறை வாசலில் நின்றாள். "அம்மா, எனக்குச் சொல்ல நீங்கள் இருக்கிறியள். நேசன் மாமாவின்ரை பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது? கலியாணம் குழம்பினால் வேறை மாப்பிள்ளை பாக்கலாம்."

 வசந்தி எழுந்து அலுமாரியைத் திறந்து திறப்புக் கோர்வையை எடுத்தார். நாங்கள் சாவி என்பதை அவர்கள் திறப்பு என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல். "அண்ணையை வரச்சொல்லு. வீட்டை போவம்."

நேசன் அண்ணை வந்தார். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும், "விசரோ வசந்தி? அங்கை என்ன அலுவல்?" என்றார். வசந்தி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் செம்மண் தோட்டங்கள், புகையிலை, மரவள்ளி, வாழை. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களின் சத்தம். எங்கள் காவிரிக்கரையில் ஆறு வரும்வரை காத்திருப்போம். ஆறே இல்லாத இந்த ஊரில் கிணறுதான் எல்லாம். அந்தக் கிணற்றுக்கே பயப்படும்படி ஆனது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் உறைத்தது.

படலைக்கு வெளியே வானை நிறுத்திவிட்டு நேசன் அண்ணை இறங்கி ரோட்டிலேயே நின்றார். வசந்தி பூட்டைத் திறந்தார். வீட்டைச் சுற்றி வளவு முழுக்கச் சருகு. ஓட்டு வீடு, வடிவான வீடுதான். யாரும் இல்லாததைத் தவிர அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவர் வீட்டுக்குள் போகாமல் நேராகக் கிணற்றடிக்குப் போனார். கயிற்றை உதறி, வாளியை விட்டார். கப்பி கிறீச்சிட்டது. அரை வாளி வந்தது. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

படலைக்கு வெளியிலிருந்து ஒரு கத்தல். "துப்பு! துப்படி! உனக்கென்ன விசரே?" பூட்டியதிலிருந்து மிதிக்காத வளவுக்குள் நேசன் அண்ணை ஓடி வந்தார், வந்து வாளியைப் பிடுங்கினார்.

"இந்தத் தண்ணியிலை ஒண்டுமில்லை அண்ணை" என்றார் வசந்தி. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இந்த வீடு ஒரு பாவமும் செய்யேல்லை. அம்மாவின்ரை ரத்தத்திலை இருந்தது எனக்கு வந்திருக்கு. இவையள் கண்டுபிடிச்சிட்டினம்."

"அப்ப... நல்லதுதானே, வீட்டைத் திறக்கலாம்" என்று தடுமாறினார்.

"அண்ணை, அம்மாவுக்கு நானும் பிள்ளை, நீங்களும் பிள்ளை."

அவருக்குப் புரியவில்லை. எங்களைப் பார்த்தார். "நான் ஆம்பிளை. எனக்கெப்பிடி?"

"மாமாவும் ஆம்பிளைதான்" என்றார் வசந்தி. "கலா மச்சாள்."

அவர் கையில் வாளி அப்படியே இருந்தது. மெதுவாகக் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். உதடு மட்டும் அசைந்தது. மகள்களின் பெயராக இருக்கலாம். வசந்தி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மதுராவும் நானும் மாட்டுக்கொட்டில் பக்கமாகத் தள்ளிப்போனோம். திரும்பிப் பார்த்தபோது அண்ணை வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு கையைக் குவித்து, தங்கை குடித்த மாதிரியே குடித்தார்.

கடைசி நாள் காலை மதுராவின் மருத்துவமனையில் அபிராமியும் நேசன் அண்ணையும் அடுத்தடுத்துக் கையை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். ஊசியைப் பார்க்காமல் அண்ணை கூரையைப் பார்த்தார். அபிராமி சிரிக்கவில்லை. வசந்தி எனக்கு ஒரு பை நிறைய பனங்காய்ப் பணியாரம் கட்டித் தந்து, "கப்பலிலை சாப்பிடாதேங்கோ" என்றார்.

காங்கேசன்துறைக்கு நேசன் அண்ணைதான் கொண்டுபோய் விட்டார்.  துறைமுக வாசலில் பெட்டியை இறக்கிவைத்தார்.

"எனக்கு இல்லை எண்டு வந்தால் பிள்ளையளுக்கும் இல்லை. அப்பிடித்தானே?"

"ஆமா அண்ணே. உங்ககிட்ட இல்லைன்னா உங்க அம்மா வழியா அவங்களுக்கு வரவே வராது. இருந்தா ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி. உங்க முடிவு வரட்டும். அதுவரைக்கும் பொண்ணுங்ககிட்ட சொல்லாம இருந்தாலும் தப்பில்ல."

"அதுவரைக்கும் நான் அவளவையின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

 அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆளுக்கொரு வீடு குடுக்கவேணும் எண்டுதான் பிள்ளை, இவ்வளவு காலமும் வான் ஓடினது. பெரியவளுக்குக் குடுத்திட்டன். சின்னவளுக்குச் சுவர் எழும்பியிட்டுது, கூரைதான் மிச்சம்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் விலகப் போனேன். நில் என்பதுபோலக் கை காட்டினார்.

"பெரியவள், அப்பா கதைக்கிறன். பின்னேரம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வீட்டை வா... ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை... கலியாண விசயமில்லை... இல்லையடி, வீட்டு விசயமுமில்லை." குரல் கொஞ்சம் உடைந்தது. கனைத்துச் சரிசெய்துகொண்டார். "அப்பா தெரியாமல் உங்களுக்குக் குடுத்தது ஏதும் இருக்கோ எண்டு பாக்கவேணும். வாங்கோ, கதைப்பம்."